அப்பாவின் முழங்கால் அறுவையும் ஆய்வுப் படிவமும்: கையெழுத்துக்கு முன் சொல்லவேண்டிய ஒரு வரி

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் எம்பாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறார், தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினும் உண்டு. அடுத்த மாதம் சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை. முன்பரிசோதனைக்குப் போன அன்று ஆய்வுத் தாதி ஒருவர் 14 பக்கத் தகவல் தாள் கொடுத்தார். இரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மருந்தை மாத்திரையாகக் கொடுத்தால் ஊசிக்கு ஈடாகுமா என்று பார்க்கும் ஆய்வாம். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும் என்றதும், "என் உடம்பை வைத்து 4டி லாட்டரிக் குலுக்கலா?" என்று அப்பா ஒதுங்கிவிட்டார். சேரலாமா, வேண்டாமா? பல வருடங்களுக்கு முன்பு ஒரு தடவை கால் வீங்கி ஆறு மாதம் வார்ஃபரின் எடுத்தார். மற்றபடி பெரிய நோய் எதுவும் வந்ததில்லை.

பதில்: கேள்வியின் கடைசியில், போகிற போக்கில் சொன்னீர்களே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வார்ஃபரின் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, வெறும் கால் வீக்கத்துக்கு அதை ஆறு மாதம் கொடுக்கமாட்டார்கள். பெரும்பாலும் அது காலின் ஆழ் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்த சம்பவமாகத்தான் இருக்கும். இதை அந்த ஆய்வுத் தாதியிடம் நாளைக்கே சொல்லுங்கள். அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து மருத்துவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட் ஆய்வுகளில் "யாரைச் சேர்க்கக்கூடாது" என்ற பட்டியலில் முன்பு இரத்தம் உறைந்தவர்கள் பெரும்பாலும் இருப்பார்கள். உங்கள் தகவல் தாளிலும் அந்தப் பகுதியைத் தேடிப் பாருங்கள். அப்பா சேரவே தகுதியில்லாதவராக இருந்தால், கையெழுத்துப் போடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆய்வை விட்டுத் தள்ளினாலும் இந்தத் தகவல் முக்கியம். மூட்டு மாற்றுக்குப் பிறகு காலில் இரத்தம் உறைவதும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போவதும் தெரிந்த ஆபத்து. முன்பே ஒரு முறை உறைந்தவருக்கு அது இன்னும் கூடுதல். எந்தத் தடுப்பு மருந்து, எத்தனை நாள் என்பதே மாறக்கூடும்.

இப்படிப்பட்ட விவரம் எப்படி நழுவுகிறது என்பதையும் சொல்லவேண்டும். முன்பரிசோதனையில் "இரத்தம் உறைதல் கோளாறு ஏதும் உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். அப்பாவுக்கு அது "கால் வீக்கம்", அவ்வளவுதான். ஆகவே "இல்லை" என்பார். பொய் சொல்லவில்லை, கேள்வி அவர் நினைவைத் தொடவில்லை. பதிவேட்டில் இருக்குமே என்று நம்பியும் இருக்கமுடியாது. தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு 2011இல்தான் தொடங்கியது. அதற்கு முந்திய சிகிச்சையோ, தனியார் கிளினிக்கிலோ வெளிநாட்டிலோ பார்த்ததோ அதில் இல்லாமல் போகலாம். எந்த ஆண்டு, எந்தக் கால், அதற்கு முன்பு நீண்ட விமானப் பயணமோ எலும்பு முறிவோ இருந்ததா என்று அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள்.

இனி குலுக்கல் பற்றிய பயம். இயல்பான பயம்தான், ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. இந்த ஆய்வில் குலுக்கல் ஆபத்தான பகுதி அல்ல. ஆளைத் தேர்ந்தெடுப்பதும், மருந்து கொடுக்கும் நேரமும், மற்ற மருந்துகளின் பட்டியலும்தான் கவனம் தேவைப்படும் இடங்கள்.

மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெட்டுப்பட்ட இடத்தில் இரத்தம் உறைந்து வலைபோல ஒரு நார்ப்பின்னல் உண்டாகிறது. அதே நேரத்தில் உடம்பு அந்தப் பின்னலைக் கரைக்கும் வேலையையும் தொடங்கிவிடும். டிரானெக்ஸாமிக் ஆசிட் அந்தக் கரைப்பானைப் பின்னலில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. புதிதாக இரத்தத்தை உறையவைப்பது அதன் வேலையில்லை, உறைந்ததைக் காப்பாற்றுவதுதான் வேலை. 1960களில் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் கண்டுபிடித்த பழைய மருந்து இது. விபத்தில் அடிபட்ட 20,000க்கு மேற்பட்டவர்களிடம் சோதித்து 2010இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வில், இறந்தவர்கள் 16.0 விழுக்காட்டிலிருந்து 14.5 விழுக்காடாகக் குறைந்தார்கள். இதய அறுவை அல்லாத பிற அறுவைகளில் 9,535 பேரை வைத்துச் செய்த பாய்ஸ்-3 ஆய்வு 2022இல் வந்தது. கடுமையான இரத்தக் கசிவு 11.7 விழுக்காட்டிலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. இதயம், இரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட பாதிப்புகள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம், 14.2க்கு 13.9. ஆனாலும் "இந்த மருந்தால் கூடுதல் ஆபத்து இல்லை" என்று உறுதியாகச் சொல்ல அவர்கள் முன்கூட்டியே வைத்திருந்த அளவுகோலை அந்த எண்கள் எட்டவில்லை. அதனால்தான் பழைய உறைவு உள்ளவர்களிடம் இன்னும் எச்சரிக்கை.

ஆக, உங்கள் ஆய்வில் இரு பிரிவினருக்கும் மருந்து கிடைக்கிறது. ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை என்ற ஆய்வு அல்ல இது. வாய் வழியா, இரத்தக்குழாய் வழியா என்பதுதான் குலுக்கல்.

மருத்துவரே தேர்ந்தெடுத்தால் என்ன, எதற்குக் கணினி? மருத்துவர் தேர்ந்தெடுத்தால் உடம்பு தேறியவருக்கு ஒன்று, நலிந்தவருக்கு இன்னொன்று என்று தன்னையறியாமலே பிரித்துவிடுவார். கடைசியில் தெரியும் வேறுபாடு மருந்தாலா ஆளாலா என்று யாராலும் சொல்லமுடியாது. நல்ல நோக்கமுள்ள மருத்துவர்களின் நம்பிக்கையே தவறிப்போன சம்பவங்கள் உண்டு. அறுவைக்கு முன் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து) கொடுத்தால் இதயத்தைக் காக்கலாம் என்று பல காலம் நம்பினார்கள். 2008இல் பாய்ஸ் ஆய்வு 8,351 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. மாரடைப்பு உண்மையிலேயே குறைந்தது, 5.7 விழுக்காட்டிலிருந்து 4.2 ஆக. ஆனால் இறப்பு 2.3இலிருந்து 3.1 ஆகக் கூடியது, பக்கவாதம் இரட்டிப்பானது. மாரடைப்பை மட்டும் எண்ணியிருந்தால் அந்த மருந்தை இன்றுவரை கொண்டாடிக்கொண்டிருப்போம். முழங்காலிலேயே ஓர் உதாரணம் உண்டு. மூட்டுத் தேய்மானத்துக்குக் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டும் சிகிச்சையை, தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையுடன் ஒப்பிட்டு 2002இல் அமெரிக்காவில் 180 பேரிடம் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளில் வலியிலும் நடையிலும் வேறுபாடு இல்லை. குலுக்கல் இல்லையென்றால் இது வெளிச்சத்துக்கே வந்திருக்காது.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்பாவிடம் இதை விளக்கினாலே பாதிப் பயம் போய்விடும். தகவல் தாளில் "இரட்டை வெறுமருந்து" என்ற பொருளில் ஏதாவது இருந்தால், அறுவைக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு வார்டில் ஒரு சிறு பாக்கெட்டிலிருந்து மாத்திரைகளை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கச் சொல்வார்கள். பிறகு அறுவைக்கூடத்தில், கத்தி வைப்பதற்கு முன், ஒரு சிறு பை டிரிப் ஏறும். இரண்டில் ஒன்றில்தான் மருந்து. மற்றது வெறும் மாவு அல்லது உப்புநீர். எது எது என்பது மருந்தகத்தில் தயாரித்தவருக்குத் தெரியும், அறுவை செய்பவருக்கும் வார்டுத் தாதிக்கும் தெரியாது. அவசரம் என்றால் குறியீட்டை உடைத்து உடனே தெரிந்துகொள்ள வழி இருக்கவேண்டும். "நள்ளிரவில் அப்பாவுக்கு வலிப்போ நெஞ்சுவலியோ வந்தால், எது கொடுத்தீர்கள் என்பதை யார், எவ்வளவு நேரத்தில் சொல்வார்?" என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல குழு என்றால் தடுமாறாமல் பதில் சொல்லும்.

இந்த ஆய்வு எதற்கு என்ற நியாயமான சந்தேகமும் வரலாம். ஊசிதான் வேலை செய்கிறதே? ஒரு காரணம் செலவும் எளிமையும். மற்றொன்று கனமானது. முழங்கால் அறுவை பெரும்பாலும் முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் நடக்கிறது. டிரானெக்ஸாமிக் ஆசிட் ஆம்பியூலும் (ஊசி மருந்துள்ள சிறு குப்பி) அந்த மரப்பு மருந்தின் ஆம்பியூலும் பார்க்க ஒன்றுபோல இருந்து, மாற்றி முதுகில் ஏற்றிய தவறுகள் உலகின் பல இடங்களில் நடந்திருக்கின்றன. கடும் வலிப்பு வந்து இறந்தவர்களும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே, தனியாகப் பூட்டி வை என்பதுதான் வழக்கமான தற்காப்பு. மாத்திரை ஈடாகும் என்று நிரூபணமானால் அந்தத் தவறுக்கே வழியில்லை. ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம்: இந்தப் பலன் நாளை வரப்போகும் நோயாளிகளுக்கு. இரட்டை வெறுமருந்து முறை என்றால், ஆய்வில் இருக்கும் அப்பாவுக்கு எப்படியும் டிரிப் உண்டு.

இப்போது நேரத்தின் சிக்கல். மாத்திரை வயிற்றிலிருந்து இரத்தத்தில் ஏறி உச்சத்தைத் தொட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அறுவைப் பட்டியல் கடிகாரம்போல ஓடாது. முந்தைய அறுவை நீண்டால் அப்பா வார்டில் கூடுதலாக மூன்று மணி நேரம் காத்திருப்பார், அதற்குள் மருந்தின் உச்சம் கடந்துவிடும். முந்தையவரின் அறுவை ரத்தானால் அப்பாவைத் திடீரென்று அழைப்பார்கள், மாத்திரை விழுங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. இரண்டிலும் மாத்திரைப் பிரிவுதான் நஷ்டப்படும். திட்ட ஆவணத்தில் இதற்கு விடை இருக்கவேண்டும்: தாமதமானால் மறுபடி கொடுப்பார்களா, அல்லது இரத்தம் அதிகம் கசிந்தால் மயக்க மருந்து மருத்துவர் தம் முடிவுப்படி வெளிப்படையாக ஊசி போடலாமா? என் பார்வையில் அப்பாவின் பாதுகாப்புக்கு மிக முக்கியமான கேள்வி இந்தப் பின்னதுதான். "போடலாம், ஆய்வு அதைத் தடுக்காது" என்ற பதில் வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

சிறுநீரகத்தையும் பார்க்கவேண்டும். இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறும். நீரிழிவுள்ளவருக்குச் சிறுநீரகம் ஓரளவு தளர்ந்திருக்கலாம். அப்படியென்றால் அளவைக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் தேங்கும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எடுத்த கடைசி கிரியேட்டினின் முடிவு, அதாவது சிறுநீரக இரத்தப் பரிசோதனை, ஹெல்த்ஹப் செயலியில் இருந்தால் எடுத்துப் போங்கள்.

ஆய்வு எதை அளக்கிறது என்பதையும் தகவல் தாளில் பாருங்கள். பெரும்பாலும் அறுவைக்கு முன்னும் பின்னும் ஹீமோகுளோபின் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பார்கள். எளிதான அளவு, ஆனால் ஏமாற்றும். இரண்டு லிட்டர் டிரிப் ஏற்றினாலே இரத்தம் நீர்த்து ஹீமோகுளோபின் இறங்கும், ஒரு சொட்டும் சிந்தியிருக்காது. ஆகவே எப்போது இரத்தம் எடுத்தார்கள், எவ்வளவு திரவம் ஏறியது என்பதெல்லாம் இரு பிரிவிலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். இரத்தம் ஏற்றுவதற்கும் ஒரே கோடு தேவை. இப்போது எலும்பு அறுவைகளில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8 கிராமுக்குக் கீழே போனால் யோசிப்பது பரவலான வழக்கம். இடுப்பெலும்பு முறிந்த 2,016 பேரிடம் 8ஐயும் 10ஐயும் கோடாக வைத்துப் பார்த்து 2011இல் வந்த ஆய்வு, தாராளமாக ஏற்றுவதால் கூடுதல் நன்மை இல்லை என்று காட்டியது.

"ஈடாகுமா" என்று கேட்கும் ஆய்வில் எவ்வளவு வேறுபாட்டை ஈடு என்று எடுத்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும். கணக்கைப் பாருங்கள்: ஆளுக்கு ஆள் ஹீமோகுளோபின் இறக்கம் சுமார் 1 கிராம் அளவுக்கு வேறுபடும் என்று வைப்போம். அரை கிராம் வரை வேறுபாடு பரவாயில்லை என்றால் ஒரு பிரிவுக்கு 63 பேர் போதும். கால் கிராம்தான் பொறுப்போம் என்றால் 252 பேர் வேண்டும். எல்லையைப் பாதியாக்கினால் ஆட்கள் நான்கு மடங்கு. ஆட்கள் கிடைக்கவில்லை என்று எல்லையைத் தளர்த்திவிட்டு "ஈடுதான்" என்று அறிவிக்கும் ஆய்வுகளும் வருவதுண்டு. அது அப்பாவின் உடம்பைப் பாதிக்காது, ஆனால் அவர் கொடுத்த இரத்தத்தையும் நேரத்தையும் வீணாக்கும். அதனால் இதைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

சிங்கப்பூரில் இப்படியொரு மருந்து ஆய்வு சுகாதாரப் பொருள்கள் சட்டத்தின்கீழ் 2016இல் வந்த மருத்துவச் சோதனை விதிமுறைகளுக்கு உட்பட்டது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், சுகாதார அறிவியல் ஆணையமும் பார்க்கவேண்டும். மருந்தால் எதிர்பாராத கடுமையான விளைவு வந்து உயிருக்கு ஆபத்தானால் ஏழு நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும், மற்ற கடுமையானவற்றுக்கு 15 நாள். நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் தகவல் தாளிலேயே இருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை, சந்தேகம் இருந்தால் அங்கே கேளுங்கள்.

ஆங்கிலத் தாளை நீங்கள் வீட்டில் மொழிபெயர்த்துச் சொல்லி அப்பாவைக் கையெழுத்துப் போடவைக்காதீர்கள். ஒப்புதல் பெற்ற தமிழ்த் தகவல் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து விளக்கச் சொல்லுங்கள். அப்பாவால் வாசிக்கமுடியாது என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் விளக்கம் முழுவதும் சாட்சியாக உடனிருக்கவேண்டும். அங்கேயே கையெழுத்துப் போடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிப்பது வழக்கம்தான், அதற்கு யாரும் முகம் சுளிக்கக்கூடாது. விளக்கி முடிந்ததும், "அப்பா, இப்போது உங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள், சொல்லுங்கள்" என்று அவர் வாயால் கேட்டுப் பாருங்கள். அவர் தலையாட்டுவதைவிட இது நம்பகமானது.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் மருந்துப் பட்டியல் ஒன்றை எழுதுங்கள். எம்பாகிளிஃப்ளோசினை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துவது இப்போதைய வழக்கம். பட்டினியோடு இந்த மருந்தும் சேர்ந்தால் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் தேங்கும். விபரீதம் என்னவென்றால் சர்க்கரை 9, 10 மில்லிமோல் என்று சாதாரணமாகவே காட்டும். அறுவைக்குப் பிறகு வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்து, சர்க்கரை சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் ஆபத்து. அப்போது இரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லவேண்டும். இன்னொரு பொறி: எம்பாகிளிஃப்ளோசினின் வணிகப் பெயர் ஜார்டியன்ஸ். ஜார்டியன்ஸ் டியோ என்ற பெயரில் மெட்ஃபார்மினும் இதுவும் ஒரே மாத்திரையில் வருகிறது. "ஜார்டியன்ஸை நிறுத்துங்கள், மெட்ஃபார்மினைத் தொடருங்கள்" என்றால் எதை எடுப்பது என்று குழப்பம் வரும். பெட்டியையே கொண்டுபோய்க் காட்டி, எந்த நாளிலிருந்து எது என்று எழுதி வாங்குங்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவேண்டாம். 10,010 பேரிடம் நடந்த பாய்ஸ்-2 ஆய்வில், அறுவையின்போது ஆஸ்பிரின் கொடுத்ததால் மாரடைப்போ இறப்போ குறையவில்லை, பெரிய இரத்தக் கசிவு 3.8இலிருந்து 4.6 விழுக்காடாகக் கூடியது. ஆனால் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கணக்கே வேறு. அப்பாவுக்கு எதற்காக ஆஸ்பிரின் தொடங்கினார்கள் என்பது முதலில் தெரியவேண்டும். அந்தப் பழைய கால் வீக்கத்துக்குத்தானோ என்னவோ, அதையும் கேளுங்கள். தேக்கா கடைகளில் வாங்கும் சூரணம், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள், "அது மருந்தில்லை" என்று அப்பா சொன்னாலும் சரி.

பட்டினி விஷயத்தில் மருத்துவமனை எழுதிக் கொடுத்த நேரமே முடிவு. பொதுவான விதி, இலேசான உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த திரவத்துக்கு இரண்டு மணி நேரம். கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) தெளிந்த திரவத்தில் சேரும். தே தாரிக்கும் மைலோவும் சேராது, பால் கலந்தது எதுவும் உணவுக் கணக்கு. காலையில் "கொஞ்சம் டீதானே" என்று குடித்து அறுவை தள்ளிப்போனால், மாத்திரை நேரமும் அதோடு கலைந்துவிடும்.

பணம் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் கூடுதல் வருகைக்கும் யார் கட்டுவது, ஆய்வு மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? இரண்டுக்கும் தகவல் தாளில் தனிப் பகுதி இருக்கும். "வழக்கமான சிகிச்சை" என்று குறித்தவை உங்கள் பில்லில்தான் வரும்.

கால் வீக்க விவரத்தைச் சொன்ன பிறகும் அப்பா தகுதியானவர்தான் என்று குழு எழுத்தில் உறுதி செய்தால், சிறுநீரகமும் சரியென்றால், தேவைப்பட்டால் வெளிப்படையாக ஊசி போடலாம் என்ற பதிலும் வந்தால், சேர்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவர் மனம் ஒப்பவில்லையென்றால் வேண்டாம், அறுவைத் தேதியோ கவனிப்போ அதனால் மாறக்கூடாது. சேர்ந்த பிறகு விலக நினைத்தாலும் காரணம் சொல்லத் தேவையில்லை, வாயால் சொன்னாலே போதும். அதுவரை திரட்டிய தகவலை என்ன செய்வார்கள், மீதமுள்ள இரத்த மாதிரியை அழிக்கச் சொல்லமுடியுமா என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, ஆய்வுத் தாதியின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் 995ஐ அழையுங்கள்.